தியாகத்தின் உரைகல்

மனிதன் தன் உள்ளத்துக் கேள்விகளை வானிலும் எழுதி வைத்தான். ஏப்ரல், மே மாத இரவுகளில் நம் தென்வானில் தாழ்ந்து தோன்றும் சென்டாரஸ் விண்மீன் கூட்டம் அத்தகைய கேள்வி ஒன்றைத் தாங்கி நிற்கிறது: தியாகம் என்பது யாது?

கிரேக்கர் இக்கூட்டத்தில் மனிதத் தலையும் மார்பும், குதிரை உடலும் கொண்ட ஓர் உருவைக் கண்டனர். உரோமைக் கவிஞர் ஓவிட் அதைக் கைரோன் என்றே பாடினார். கைரோன் சாவற்றவன், வீரன் அக்கிலீசுக்கும் மருத்துவன் அஸ்கிலேப்பியசுக்கும் ஆசான். ஹெராக்ளிஸின் நச்சு அம்பு ஒன்று தவறுதலாக அவன்மேல் பாய்ந்தது. பிறர் நோய் தீர்த்தவனால் தன் புண்ணை ஆற்ற இயலவில்லை; சாகவும் இயலவில்லை. மனிதருக்கு நெருப்பை அளித்ததற்காகப் பாறையில் பிணிக்கப்பட்டிருந்த புரோமித்தியஸின் பொருட்டு அவன் இறக்க இசைந்தான் என்று, அப்போலோடோரஸ் பெயரால் வழங்கும் தொகுப்பு கூறுகிறது.

இது தியாகமா? அல்லது தாங்கொணா வேதனையிலிருந்து தப்பக் கிடைத்த வழியா? புரோமித்தியஸ் விடுதலை பெற்றான் என்பது மெய். கைரோனுக்கு வாழ்வே சுமையாகியிருந்தது என்பதும் மெய். நம் இல்லங்களிலும் இத்தகைய கலப்பு உண்டு. ஊர் பழிக்கும் என அஞ்சி விட்டுக்கொடுப்பதையும் தியாகம் என்கிறோம். தம்பியருக்காகத் தன் படிப்பை நிறுத்திய மூத்த மகளைப் போற்றுகிறோம். அவள் விருப்பத்தை எவரேனும் கேட்டதுண்டா? கேளாமல் பெற்றது தியாகமன்று, பறிப்பு.

கெத்சமனித் தோட்டத்தில் நாம் காண்பது வேறு. நம் ஆண்டவர் சாவை நாடியவரல்லர். விருந்துகளில் மகிழ்ந்து அமர்ந்தவர். நண்பர் லாசருக்காகக் கண்ணீர் விட்டவர். எனவேதான் துன்பக் கிண்ணம் அகலாதா எனத் தந்தையிடம் மன்றாடினார். தமக்கு அரியதாய் இருந்த உயிரையே, எவருடைய வற்புறுத்தலுமின்றி, அன்பினால் கையளித்தார். துன்பத்தின் மிகுதி தியாகத்திற்கு அளவுகோலன்று. அன்பும் கட்டற்ற மனமுமே அதன் உரைகல். புனித பவுல் கொரிந்தியருக்கு அன்பைப் பற்றி உணர்த்தியதும் இதனையே.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி வகுத்த 48 விண்மீன் கூட்டங்களுள் சிலுவை இல்லை. இன்று தென்சிலுவை எனப்படும் விண்மீன்கள் அன்று சென்டாரஸின் கால்களாக எண்ணப்பட்டன. 16ஆம் நூற்றாண்டில் தென்கடல்களில் பயணித்த ஐரோப்பியக் கடலோடிகள் அவற்றில் சிலுவையைக் கண்டனர். விண்மீன்கள் மாறவில்லை, காணும் கண் மாறிற்று. அஞ்சியோ அலுத்தோ நாம் தாங்கும் அதே சுமை, மனமுவந்து அன்பினால் ஏற்கப்படும்போது சிலுவையாகிறது. அதைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு, அவர்தம் தியாகத்தைப் புகழும் பிழையை மட்டும் நாம் செய்யாதிருப்போமாக!