பிச்சைக்காரனைக் கண்ட சந்தோஷம்

அமெரிக்கா போய் வந்தவனை ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி, "அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்பது. 2018-ஆம் வருஷம் அக்டோபரில் மூன்று வாரம் சுற்றிவிட்டுத் திரும்பிய என்னையும் கேட்டார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடம், சுதந்திர தேவி சிலை, சிகாகோவில் கடல்போல் கிடக்கும் மிச்சிகன் ஏரி, லாஸ் ஏஞ்சலிஸில் மலைமேல் இருக்கும் வானாராய்ச்சிக் கூடம் என்று வரிசையாக ஒப்பித்தேன். கேட்டவர்களுக்குத் திருப்தி. "எதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டீர்கள்?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். நியூயார்க்கில் என் மனம் உண்மையாகக் குதூகலித்தது ஒரு பிச்சைக்காரனைக் கண்டபோது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு வந்தவர் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் நண்பர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய மைத்துனர் நியூஜெர்சியில் வேலையாக இருக்கிறார். அவர் வரச் சொல்லி எழுதியபோது, "தனியாப் போனா வாயில்லாப் பூச்சியாப் போயிருவேன், நீங்களும் வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும், பேச வராது. பிரயாணம் முழுவதும் நான் அவருக்கு வாய். அவர் எனக்குப் பணப்பை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86-ஆவது மாடியில் நின்று கீழே பார்த்தோம். தெருவில் ஊர்ந்த மஞ்சள் டாக்ஸிகளைக் கண்டு, "சிந்தின துவரம்பருப்பு மாதிரி இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி. 102 மாடிகள். 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே முதல் தேதி திறந்துவிட்டார்கள். ஆனால் நேரம் சரியில்லை. வேலையும் கூலியும் போய், ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அறைகளுக்கு வாடகைக்கு ஆள் வரவில்லை. மேலே ஏறி வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாங்கிய சீட்டுப் பணம்தான் அந்த வருஷங்களில் கட்டடத்துக்குப் பெரிய கைத்தாங்கலாக இருந்தது. பசித்த ஊரைப் பார்க்க அத்தனை உயரம் ஏறிப் பணமும் கொடுத்தார்கள்! இந்த நினைப்போடுதான் கீழே இறங்கினேன்.

34-ஆவது தெருவில், சுவரில் சாய்ந்து அட்டை விரித்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக்காரன். தாடி நெஞ்சு வரை இறங்கியிருந்தது. பசிக்கிறது, எதுவானாலும் உதவும் என்று ஒரு அட்டையில் எழுதி முன்னால் சாய்த்திருந்தான். பக்கத்தில் சில்லறை போடக் காப்பிக் கோப்பை ஒன்று.

"பார்த்தீர்களா அண்ணாச்சி! இங்கேயும் இருக்கிறான்!" என்றேன். அந்நிய ஊரில் சொந்த ஊர்க்காரனைக் கண்டவன் குரலில் சொன்னேன்.

அண்ணாச்சி பேசவில்லை. ஒரு டாலர் எடுத்துக் கோப்பையில் வைத்துவிட்டு நடந்தார். அப்போது ஒரு டாலர் எழுபது ரூபாய்க்கு மேல். நான் அந்தக் கணக்கைப் போட்டுக் கையைப் பையிலேயே வைத்திருந்தேன். நாலு தெரு தாண்டிய பிறகு, "தம்பி, ஒண்ணு கேட்டா வருத்தப்படக் கூடாது. நம்ம பஸ் ஸ்டாண்டிலே ஒருத்தன் இப்படி உட்கார்ந்திருந்தா உங்க மூஞ்சி இப்படி மலர்ந்திருக்குமா?" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் கடந்து வந்தவனுக்கு இரவு பகலாவது சகஜம் என்று மைத்துனர் சமாதானம் சொன்னார். எனக்கல்லவா தெரியும்!

இந்தச் சந்தோஷம் நான் கண்டுபிடித்தது அல்ல, பரம்பரையாக வந்தது. 1927-இல் காதரின் மேயோ என்ற அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். நம் அழுக்கையும் நோயையும் குழந்தை மணத்தையும் தேடித் தேடிச் சேர்த்து, இவர்களுக்குச் சுயராஜ்யம் ஒரு கேடா என்று உலகம் கேட்கும்படி எழுதிய புத்தகம். காந்தியடிகள் அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் என்றார். மறு வருஷமே லாலா லஜபதி ராய் பதில் எழுதினார். அதில் அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்தும் எரித்தும் கொன்ற கொடுமைகளை எடுத்து வைத்தார். 1929-இல் கௌபா என்பவர் 'அங்கிள் ஷாம்' என்று தலைப்புக் கொடுத்து, அமெரிக்காவின் சாக்கடைகளை மட்டும் திறந்து காட்டி ஒரு புத்தகம் போட்டார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அடிமைப்பட்ட ஜாதிக்கு அப்போது கையில் கிடைத்த கல் அது. லஜபதி ராயோ சில வருஷம் அமெரிக்காவில் வாழ்ந்தவர். கறுப்பின மக்களின் தலைவர்களோடு பழகியவர். அவர்களுடைய துன்பம் அவருக்கு வெறும் வாதப் பொருளாக இருந்திருக்காது. ஆனால் சுதந்திரம் வந்து எழுபது வருஷத்துக்குப் பிறகு, விசா வாங்கி, விமானம் ஏறி, நண்பர் செலவில் வேடிக்கை பார்க்கப் போன என்னை யார் இழிவுபடுத்தினார்கள்? யாருக்குப் பதில் சொல்ல அந்த மனிதன் எனக்குத் தேவைப்பட்டான்? இன்னொன்றும் உண்டு. அதே கட்டுரையில் காந்தியடிகள், இந்தியர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பயன் பெறலாம் என்றும் எழுதினார். இந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மண்டிக்காரர் பாஷையில் முடித்துவிட்டார். "நீங்க இவனை அவனுக்குக் கழிச்சுக்கிட்டீங்க தம்பி. இங்கே ஒரு பிச்சைக்காரன் வரவு, அங்கே ஒரு பிச்சைக்காரன் பற்று. கணக்கு நேராயிருச்சுன்னு உங்களுக்கு நிம்மதி. ரெண்டு பேரும் பட்டினியாத்தானே இருக்கான்?"

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணாச்சி அதோடு நிறுத்தவில்லை. "விருந்துக்குப் போன வீட்டிலே கூடத்தைப் பார்க்கணும், படத்தைப் பார்க்கணும், சாப்பிட்டுட்டு வரணும். அடுக்களையை எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார். இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அன்று மாலை அவரை ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

1863-இல் கட்டிய குடியிருப்பு அது, இப்போது மியூசியம். 1935 வரை சுமார் 7,000 பேர் அங்கே வாழ்ந்து போயிருக்கிறார்கள். ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி, ருஷ்யா என்று பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு குடும்பத்துக்கு 325 சதுர அடி. அதில் மூன்று அறை; அங்கேயே அடுப்பு, அங்கேயே தையல் வேலை, அங்கேயே பிரசவம். அண்ணாச்சி சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்படிப்பட்ட வீடுகளைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து 1870-இல் வந்து, வேலையில்லாமல், போலீஸ் நிலையத்துத் தங்குமிடங்களில் படுத்துக் கிடந்தவர். பிறகு பத்திரிகை நிருபர் ஆனார். நடு இரவில் மருந்துப் பொடியைக் கொளுத்தி வெளிச்சமுண்டாக்கிப் படமெடுப்பார். உறங்குகிறவர்களிடம் அனுமதியா கேட்டார்? ஒரு தடவை குருடர்கள் தங்கியிருந்த அறையில் அந்தப் பொடியால் நெருப்பே பற்றிக்கொண்டது. தாமே அணைத்ததாக எழுதியிருக்கிறார். 1890-இல் அவருடைய புத்தகம் வந்தது. அதைப் படித்த தியோடர் ரூஸ்வெல்ட், நகரப் போலீஸ் அதிகாரியானபோது அவரோடு இரவில் சுற்றினார். 1896-இல் அந்த நரகத் தங்குமிடங்கள் மூடப்பட்டன.

"அடுக்களையை எட்டிப் பார்த்தவர்தானே இவர்?" என்றேன் வெற்றியோடு.

"சரிதான். ஆனா எட்டிப் பார்த்துட்டு அவரு அங்கேயே இருந்தாரே. நாம பிளேன் ஏறிருவோம்" என்றார் அண்ணாச்சி.

அந்த வட்டாரத்திலேயே நடந்த இன்னொரு கதையையும் சொன்னேன். 1979-இல் வீடில்லாத ராபர்ட் காலஹன் என்பவர் பெயரை முன்வைத்து ஓர் இளம் வக்கீல் வழக்குத் தொடுத்தார். ஏழைகளைப் பராமரிப்பது பொதுக் கடமை என்று நியூயார்க் மாகாண அரசியல் சட்டத்தில் 1938-இலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டார் வக்கீல். இரவில் படுக்க இடம் கேட்டு வருகிறவனுக்கு இடம் தருவதாக 1981-இல் நகர நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. கையெழுத்தாகும்போது காலஹன் உயிரோடு இல்லை. முந்தின வருஷமே தெருவில் இறந்து கிடந்தார். அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார்.

சிகாகோவில் உயரமான கட்டடங்களையும் தலைக்குமேல் ஓடும் ரயிலையும் பார்த்தோம். அவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். அண்ணாச்சி பார்க்க ஆசைப்பட்டது கலைக்கூடத்தை. 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி விவேகானந்தர் அங்கேதான் பேசினார். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் அண்ணாச்சி. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, பேசியதற்கு இரண்டு நாள் முந்திய கதையைச் சொன்னேன். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த பணத்தில் கப்பலேறிய சுவாமிகள், சிகாகோவில் விலாசத்தைத் தொலைத்துவிட்டு ரயில் நிலையத்துச் சரக்குப் பெட்டி ஒன்றில் இரவைக் கழித்தார். விடிந்ததும் வீடு வீடாகப் போய் உணவு கேட்டார். காவி உடுத்த கறுத்த மனிதரைக் கண்டு கதவைச் சாத்தினார்கள். களைத்துத் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டிலிருந்து ஹேல் என்ற அம்மாள் இறங்கி வந்து, நீங்கள் சர்வமத சபைக்கு வந்த பிரதிநிதியா என்று கேட்டு உள்ளே அழைத்துப் போனார்.

"அப்ப இந்த ஊரிலே நம்மாளு பிச்சை கேட்டிருக்காரு" என்றார் அண்ணாச்சி. பிறகு, "அந்த அம்மா கிட்டே வந்து கேட்டாங்க பாருங்க" என்றார்.

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு இரண்டு இரவு ரயில். சமவெளியும் பாலையும் ஜன்னலில் ஓடிக்கொண்டே இருந்தன. அண்ணாச்சி சினிமா ஸ்டூடியோவைப் பற்றி விசாரித்தார். நான் 'ஸ்கிட் ரோ' என்று பெயர் பெற்ற பகுதியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். நகரத்தின் நடுவே ஏறக்குறைய ஐம்பது கட்டத் தெருக்கள், நடைபாதையெல்லாம் கூடாரம். "இன்னும் ஆசை விடலையா?" என்றார். இந்தத் தடவை எனக்குச் சந்தோஷம் வருகிறதா என்று பார்க்கத்தான் போகிறேன் என்றேன். உண்மையும் அதுதான்.

பிராட்வேயில் 1917 முதல் நடக்கும் பெரிய மார்க்கெட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே நடந்தோம். வரமாட்டேன் என்றவர் பின்னாலேயே வந்தார். நாலைந்து தெரு தாண்டியதும் ஊர் மாறிவிட்டது. நீலத் தார்ப்பாய்கள், தள்ளுவண்டிகளில் மூட்டைகள், மூத்திர நாற்றம். சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது, அதைத் தொடர்ந்து, படம் எடுக்கலாமா என்ற யோசனையும் வந்தது. கை போனைத் தொட்டுவிட்டது.

ஒரு கூடாரத்தின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு கறுப்பினப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அவருக்கு நேரே போய் நின்று கும்பிட்டார். எனக்குத் திக்கென்றது. பெரியவர் சிரித்தார்.

"எந்த ஊர்?"

"இந்தியா" என்றேன்.

அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "இந்தியாவா? டெலிவிஷனில் பார்த்திருக்கிறேன். அங்கே ஜனங்கள் குழந்தை குட்டியோடு தெருவில் படுத்திருப்பார்களாமே, பாவம்" என்றார்.

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அண்ணாச்சிக்கு அது புரிந்துவிட்டது. "ஆமான்னு சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பரிவில் கேலி ஒரு துளிகூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

பிறகு அண்ணாச்சி அவருக்கு என்ன வயது, பிள்ளைகள் உண்டா, முட்டியில் என்ன கட்டு என்று கேட்கச் சொன்னார், கேட்டேன். எங்கள் ஊரில் எவ்வளவு வெயில் என்று அவர் கேட்டார், சொன்னோம். அரைமணி போயிற்று. அண்ணாச்சி கொடுத்த நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்தது எங்கே போகிறீர்கள்?" என்று விசாரித்தார். கிரிஃபித் வானாராய்ச்சிக் கூடம் என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ரயிலில் ஏறி வெர்மான்ட்டில் இறங்கு, அங்கே சின்ன பஸ் வரும், இருட்டுகிற நேரத்துக்குப் போனால்தான் அழகு, இந்த ஊரை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். அவருடைய ஊர் அல்லவா?

அவர் சொன்ன ரயிலிலும் பஸ்ஸிலும் போனோம். இருட்டிக்கொண்டிருந்தது. கீழே, கண்ணுக்கெட்டிய மட்டும், கோடு கிழித்தாற்போல் விளக்குகள். பக்கத்தில் நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அவரு இருக்கிற தெரு எந்தப் பக்கம்?" என்றார்.

தென்கிழக்கே, உயரமான கட்டடங்கள் கூட்டமாக மின்னிய இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கையைக் காட்டினேன். அங்கேயும் விளக்குகள்தான் தெரிந்தன.