காரையின் களிமண்

காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே, பெரம்பலூர் மாவட்டம். காலை வெயில் பக்கவாட்டில் விழுகிறது.

தரை முழுவதும் மழை அறுத்த மடிப்புகள். மரமில்லை. அங்கங்கே புல், கொஞ்சம் வேலிக்கருவை. சாம்பலும் மஞ்சளும் கலந்த களிமண், மிதித்த இடத்தில் பொலபொலவென்று உதிர்கிறது.

கடல் இங்கிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர்.

நிற்கும் இடம் பழைய கடலின் அடித்தரை.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். எண்ணைச் சொல்ல முடிகிறது. நினைக்க முடியவில்லை. மூச்சு உள்ளே வருகிறது, வெளியே போகிறது.

முதலில் ஒன்றும் தென்படுவதில்லை.

கண் மினுக்கத்தின் பின்னால் ஓடுகிறது. ஜிப்சம். களிமண்ணின் விரிசல்களில் படிந்து, தகடு தகடாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. கால்சைட்டில் நகம் வழுக்கும். இந்த ஒரு சோதனைக்குக் கைவிரல் போதும்.

கீறிப் பார்க்கிறேன். கோடு. கீழே வைக்கிறேன்.

நடந்துகொண்டே தேடுவதைவிட ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவது மேல். கைக்கெட்டும் தரை. அதற்குள் எல்லாம் இருக்கிறது என்று நம்பினால் அவசரம் அடங்குகிறது.

கால் மரத்துப்போகிறது. மாற்றி உட்காருகிறேன்.

நிழல்தான் காட்டிக்கொடுக்கிறது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல். உச்சிப்பொழுதில் அதே கல் மொட்டையாகக் கிடக்கும்.

வரி, இடைவெளி, வரி, இடைவெளி.

மண்ணில் இப்படிச் சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஒன்று அரிது. கண் அங்கே நிற்கிறது. கை இன்னும் நீளவில்லை.

விரல் நீளத்தில் ஒரு துண்டு. தேன் நிறம். ஒரு முனை கூர், மறுமுனை உடைந்திருக்கிறது. உடைந்த முகத்தை லென்ஸுக்கு அடியில் கொண்டுவருகிறேன். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து எல்லாத் திசையிலும் மெல்லிய இழைகள். கால்சைட் இழைகள்.

பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவு. உடலுக்குள்ளே இருந்த காப்பு இது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கண்ணுக்கு ஒட்டி வைத்து, கல்லை அருகே கொண்டுவர வேண்டும். மூச்சு பட்டு லென்ஸ் மங்குகிறது. தெளியும் வரை காத்திருக்கிறேன்.

அம்மோனைட் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். இங்கே இருப்பது சுருளில் ஒரு துண்டு. ஓடு கரைந்துவிட்டது. அறைகளுக்குள் புகுந்த சேறு இறுகி நிற்கிறது. அந்த விலங்கு விட்டுச்சென்ற வெற்றிடம் கையில் கனக்கிறது.

மேலே கோடுகள். உள்ளிருந்த ஒவ்வொரு தடுப்பும் ஓட்டைத் தொட்ட இடத்தில் ஒரு கோடு. நாட்டிலஸில் அந்தக் கோடு மெல்ல வளைந்து போய்விடும். அம்மோனைட்டில் அது மடிந்து, மடிப்புக்குள் மடிந்து, இலை விளிம்புபோல் அலைகிறது. விரல்நுனியால் தொடர்கிறேன். கல் உடைந்த இடத்தில் கோடு நின்றுவிடுகிறது. விரலும் நிற்கிறது.

நேபாளத்தில் கண்டகி ஆற்றின் கறுப்புக் கற்களுக்குள்ளும் இதே சுருள். அங்கே அது சாளக்கிராமம். பூஜையறைகளில், துளசியோடு.

இன்னொரு சுருள். சிறியது, சுண்டுவிரல் நகத்தளவு. அம்மோனைட் குஞ்சு என்று மனம் உடனே சொல்கிறது. லென்ஸ் சொல்வது வேறு. அறைகள் இல்லை. தடுப்புக் கோடு இல்லை. ஒரே குழல், தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. கடற்புழு ஒன்று தனக்கென்று கட்டிய சுண்ணக்குழல்.

புழு இல்லை. வீடு இருக்கிறது.

பெயரை முதலில் தேடாதிருப்பது நல்லது என்றே தோன்றுகிறது. பெயர் வந்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. எத்தனை வரி, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சுருள்கிறது, ஓடா அச்சா. இவற்றை எழுதி முடிக்கும் வரை பெயர் காத்திருக்கட்டும்.

பென்சில் கூர் மழுங்குகிறது.

நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை 1850களின் கடைசியில் நடந்து வரைபடமாக்கினார். அந்தச் சேகரிப்பு கல்கத்தா போனது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1862இல் அங்கே வேலைக்கு வந்தார். ஓடு ஓடாக எடுத்து விவரித்தார். தலைக்காலிகள், நத்தைகள், சிப்பிகள், முள்தோலிகள். சுமார் பத்தாண்டு. பக்கம் பக்கமாகக் கல்லச்சுப் படங்கள். 1874இல், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் இறந்தார்.

அந்தப் படங்களை இன்றைக்கும் திறந்து வைத்து ஒப்பிடலாம். வரி வரியாக.

பெரிய பொறுமை அது. நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

கிடைத்த துண்டு மேலே உதிர்ந்து கிடந்ததா, படுகையில் பதிந்திருந்ததா. இரண்டும் ஒன்றல்ல. உதிர்ந்தது எந்த உயரத்திலிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். பதிந்தது தன் இடத்தில் இருக்கிறது. மேலே எது, கீழே எது என்று அதனால் சொல்ல முடியும்.

சீட்டில் எழுதுகிறேன். காரை. ஓடையின் மேற்குக் கரை. சாம்பல் களிமண். ஜிப்சம் நரம்புக்கு ஒரு முழம் கீழே. பதிந்திருந்தது. தேதி.

இந்தச் சீட்டைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது ஒரு கல்.

செய்தித்தாளில் சுற்றுகிறேன். சிறியதற்குத் தீப்பெட்டி.

பெரும்பாலானவை அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம். போதும். சாத்தனூரில் எடுப்பதா விடுவதா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கல்மரம் வேலிக்குள் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்தது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். துகள்கூட எடுக்கக் கூடாது. எடுக்கத் தோன்றுவதுமில்லை. அருகே நின்றால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

மரம் கடலுக்கு மிதந்து வந்து மூழ்கியிருக்கிறது. இழைகளுக்குள் சிலிக்கா. கணுக்கள் அப்படியே.

அரியலூர் பக்கம் கல்லமேடு. பெரிய எலும்புகள் கிடைத்தன. 1987இல் அந்த டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள்: புருஹத்காயோசாரஸ். எலும்புகள் நொறுங்கிப்போயின. இன்று கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும்.

வரைந்தவர்கள் இருந்ததால் அதுவாவது இருக்கிறது.

2020இல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி ஓடியது. நிலவியலாளர்கள் பார்த்தார்கள். முட்டை இல்லை, கடற்படிவ உருண்டைகள். இறந்த ஓடு ஒன்றைச் சுற்றிச் சேறு அடுக்கடுக்காக இறுகினால் இப்படி ஆவதுண்டு.

உருண்டை எல்லாம் முட்டை அல்ல. பாறைப் பிளவில் படரும் கறுப்புச் செடி வடிவங்கள் எல்லாம் செடி அல்ல, மாங்கனீஸ். மனம் உயிரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கவில்லை. பார்க்கிறேன்.

சிப்பியும் பிராக்கியோபாடும் முதல் பார்வைக்கு ஒன்று.

நடுவே ஒரு கோடு. பிராக்கியோபாடில் ஒரு மூடியின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்துப்போகும். சிப்பியில் ஒரு மூடியும் மறு மூடியும் ஒத்துப்போகும்.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லின் கிரைஃபியா இந்த விதிக்கு அடங்குவதில்லை. ஒரு மூடி ஆழக் குழிந்திருக்கிறது, மற்றது கிட்டத்தட்டத் தட்டை. சிப்பிதான், ஆனாலும்.

அந்தச் சுண்ணாம்புக்கல் சிப்பிகளோடு லாரியில் ஏறுகிறது. அரியலூரில் சிமெண்டாகிறது. மனம் கொஞ்சம் கனக்கிறது. கனம் வருகிறது, இருக்கிறது, நகர்கிறது.

வாரணவாசி அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் முழுச் சுருள்கள். ஓடையில் துண்டாகப் பார்த்தது முழுதாக இருக்கும்போது எந்த அளவு என்று இங்கே தெரிகிறது.

வீடு. உலர்ந்த தூரிகை. தண்ணீர் இல்லை, காய்ந்த களிமண் ஈரம் பட்டதும் பிளந்து, மேல் வரியையும் கொண்டுபோய்விடும். வரிகளுக்கு நடுவே இருப்பதை ஒரு கருவேல முள்ளால் நெம்புகிறேன். இரும்பைவிட முள் பாதுகாப்பு. கல்லோடு மோதினால் உடைவது முள்.

ஒரு வரி வெளியே வருகிறது. மாலை ஆகிவிட்டது.

வெறும் களிமண் மட்டும் ஒரு பை தனியே வந்திருக்கிறது. அதை மட்டும் வாளியில் ஊறவைக்கிறேன். கட்டிகள் தாமாகக் கரைந்து அமர்கின்றன. நுண்சல்லடையில் ஊற்றி, மிஞ்சியதைக் காயவைத்து, வெள்ளைத்தாளில் பரப்பி, லென்ஸோடு ஓரத்திலிருந்து தொடங்குகிறேன். மணல். ஜிப்சம். மணல். ஓட்டுச் சில்லு.

ஒரு பல்.

அரிசியைவிடச் சிறியது. பளபளப்பு அப்படியே. சுறா. முனை சேதமில்லை, வேரில் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. முதன்மை முனைக்குப் பக்கத்தில் சிறு முனைகள் இருந்தனவா என்பது அந்த உடைந்த பக்கத்தில்தான் தெரிந்திருக்கும். மறுபக்கத்தில் ஒரு மேடு. முனையா, வேரின் தொடர்ச்சியா, இந்த லென்ஸில் பிரியவில்லை.

சீட்டில் இப்போதைக்குச் சுறா என்று மட்டும். வாளியில் இன்னும் பாதிக் களிமண் ஊறுகிறது.