பாத்தியும் படுக்கையும்

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர், ஒரே வயலிலும் மண்வளம் இடத்துக்கு இடம் மாறுவதால், விளைச்சல் கூடியது உரத்தாலா மண்ணாலா என்று பிரித்தறிய, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலைப் போலத் தற்செயலிடம் ஒப்படைக்கும் சமவாய்ப்புப் பகிர்வு முறையை வகுத்தார். பிரிட்டனில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், காசநோயாளிகளும் அவ்வாறே பிரிக்கப்பட்டனர். மருந்து போதாத அந்நாளில் அது நேர்மையான பங்கீடும்கூட. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருத்துவர்களே ஆளைத் தேர்ந்திருந்தால், நோய் முற்றாதவர்கள் மருந்துப் பக்கம் சேர்ந்துவிட்டனரோ என்ற ஐயம் இவ்வெண்களை விட்டு நீங்கியிராது.