கிணறு கெட்டால் யாரைக் கேட்பது?

செட்டிநாட்டுச் சீமையில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஊருணியும் கண்மாயும் கிணறுமே அங்கு உயிர் காப்பவை. குடிநீர் ஊருணியில் கால் நனைப்போரை ஊரே கூடிக் கண்டித்த காலம் ஒன்றிருந்தது. காரைக்குடி மக்களுக்கோ சம்பை ஊற்றின் சுவைநீர் தனிப் பெருமை. அத்தகைய சீமையில் ஒரு கிணற்றின் நீர் கெட்டதென்றால், யார் கெடுத்தது என்னும் கேள்வி உடனே எழும். அருகில் ஆலை ஒன்றிருப்பின், விடையும் உடனே கிடைத்துவிடும். அவ்விடை சரிதானா என்று பார்க்கும் பொறுமைதான் நம்மிடம் இருப்பதில்லை.

நமது பிக்ஹு நூல்கள் நீரின் நிலையை நிறம், சுவை, மணம் என்னும் மூன்றால் அறியச் சொல்லின. ஹவுளின் நீரை நாம் இன்றும் அவ்வாறே பார்க்கிறோம். அவ்வளவுகோல் ஒளூவுக்குரிய தூய்மையை அறிய வகுக்கப்பட்டது; கரைந்து நிற்கும் நஞ்சை அறிய வகுக்கப்பட்டதன்று. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. புளோரைடும் அவ்வாறே. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. மிகையாக அது கலந்த நீரில் கரைத்த புட்டிப்பாலை அருந்தும் பச்சிளங்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். காய்ச்சிக் கொடுத்தால் போதுமென்று எண்ணும் தாய்மார்கள் ஒன்றைக் கருத வேண்டும்: காய்ச்சக் காய்ச்ச நீர்தான் வற்றும், நைட்ரேட் அங்கேயே இருக்கும்.

இந்த நைட்ரேட் ஆலையிலிருந்தும் வரலாம், வயலில் இட்ட யூரியாவிலிருந்தும் வரலாம், நம் வீட்டுக் கொல்லையிலுள்ள மலக்குழியிலிருந்தும் வரலாம். புளோரைடோ பெரும்பாலும் பாறையிலிருந்தே கரைந்து வருவது. அதற்கு எந்த மனிதனையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆகவேதான் ஆய்வாளர் ஒரு கிணற்றோடு நிற்பதில்லை. நிலத்தடி நீர் எத்திசையில் நகர்கிறது என்று கண்டு, ஐயத்திற்குரிய இடத்திற்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் நீரெடுப்பர். மழைக்கு முன்னும் பின்னும் எடுப்பர். மேற்புறக் கிணறும் அதே அளவு கெட்டிருந்தால், தேட வேண்டிய இடம் வேறு. நைட்ரேட்டோடு குளோரைடும் சேர்ந்து உயர்ந்திருந்தால், மலக்குழியின் மீது ஐயம் வலுக்கும்.

காரைக்குடி அறிவியலுக்கு அயலான ஊரன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் அங்கு இயங்கி வருகிறது. ஆலைக்கெதிராக மனு எழுதுவோர் எங்கும் உளர். தம் மலக்குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பார்ப்போர் எத்தனை பேர்?

இதனால் ஆலைகள் தப்பிவிடுவதில்லை. இங்கு நமக்குச் சற்றுக் கசக்கும் செய்தியையும் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறிட்டது, கல்விக்கூடங்களையும் எழுப்பியது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பொன்று ஆராய்ந்தபோது, 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இக்கணக்கு இடம்பெற்றுள்ளது. தன் தொழில் சூழலுக்குக் கேடு செய்யாது என்று மெய்ப்பிக்கும் கடமை தொழில் நடத்துவோனுடையதே என்றும் அத்தீர்ப்பு விதித்தது.

வழக்குரைப்பவனே சான்று கொணர வேண்டும் என்பதன்றோ பழைய நெறி? நம் சட்ட நூல்களும் அதனைத்தானே கூறுகின்றன? அப்படியிருக்க, இவ்விதி நீதிக்குப் புறம்பாகாதா என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கிணற்றுக்காரனிடம் இருப்பது ஒரு குடம் நீர் மட்டுமே. ஆலைக்குள் எந்த இரசாயனம் எவ்வளவு வந்தது, எவ்வளவு வெளியேறிற்று என்னும் கணக்கு முதலாளியின் பேரேட்டில் இருக்கிறது. அறிந்தவனை வாய் திறக்கச் சொல்வது தண்டனையாகாது; அவன் கணக்கு நேராயின் அதுவே அவனைக் காக்கும். அதே நெறி, அளவில் சிறியதாயினும், யூரியா இடும் உழவனுக்கும் மலக்குழி வெட்டும் நமக்கும் உண்டு.

தருமம் செய்வோருக்கும் இது பொருந்தும். பெற்றோர் பெயரால் ஆழ்துளைக் கிணறு இறக்கித் தருவதை நிலையான தருமமாக நாம் போற்றுகிறோம். வங்கதேசத்தில் 1970-களில் வயிற்றுப்போக்கு நோய்களிலிருந்து ஏழைகளைக் காக்கவென்று, யூனிசெஃப் துணையோடு, எண்ணற்ற குழாய்க் கிணறுகள் இறக்கினர். அவற்றுள் பலவற்றின் நீரில் ஆர்செனிக் இருந்தது 1993-ல்தான் அங்குத் தெரிய வந்தது. நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை; ஆர்செனிக்கைத் தேடி நீரைச் சோதிக்கத்தான் அன்று எவருக்கும் தோன்றவில்லை. நம் மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் உள்ளன. கொடையாளியின் பெயர் பொறித்த கல்லின் கீழே, அந்நீரைச் சோதித்த நாளையும் கண்ட அளவுகளையும் எழுதி வைக்க இரண்டு வரி இடம் போதும்.