வேஷத்தின் கணக்கு

ரசிகர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. எந்தக் கச்சேரி உயர்ந்தது, எந்த வருஷத்துக் குரல் சுத்தமானது, யார் நேரில் கேட்டவர், யார் பிறர் சொல்லக் கேட்டு அளப்பவர் என்றெல்லாம் அவர்கள் மோதிக்கொள்ளும்போது, கலையைப் பற்றிய சர்ச்சை மாதிரித்தான் அது இருக்கும். கூர்ந்து கேட்டால் அது ஒரு பாகப்பிரிவினை என்பது விளங்கும். இறந்துபோனவன் விட்டுச் சென்ற சொத்தில் எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்கிற வழக்கு.

டேவிட் போவி என்ற ஆங்கிலேயப் பாடகர் 2016 ஜனவரி 10-ஆம் தேதி இறந்தார். அவருடைய ரசிகர்களிடையே இந்தப் பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. 1976-இல் மேடை ஜோடனை எதுவுமில்லாமல், வெறும் வெள்ளை வெளிச்சத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெய்ஸ்ட்கோட்டுமாக நின்று பாடினாரே, அதுதான் சிகரம் என்பார் ஒருவர். 1987 ஜூனில் பெர்லின் சுவருக்கு அருகே பாடியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கிழக்கு பெர்லின் இளைஞர்கள் கூடி நின்று கேட்டார்களே, அதற்கு ஈடு உண்டா என்பார் இன்னொருவர். 2000-ஆம் ஆண்டு கிளாஸ்டன்பரித் திருவிழாவைச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் சுற்றிச் சுற்றி எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது ஓர் இரவில்தான்: லண்டனில், ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், 1973 ஜூலை 3.

அந்த இரவைப் பற்றித்தான் எனக்கும் ஒரு கேள்வி. ரசிகர்கள் கேட்கிற கேள்வி அல்ல அது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போவி பாட்டுப் பாடுகிறவர் மட்டுமல்ல, வேஷம் கட்டுகிறவர். லிண்ட்ஸே கெம்ப் என்பவரிடம் ஊமைக்கூத்து பயின்றவர். 1972-இல் அவர் ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்தார். ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்று பெயர். செம்பட்டைச் சாயம் பூசிய தலை. ஆணென்றும் பெண்ணென்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாத தோற்றம். வேறு ஏதோ கிரகத்தோடு சம்பந்தமுள்ள ஒரு பாடகன். தன் புகழாலேயே அழிந்து போகிறவன். கான்ஸாய் யமமோட்டோ என்ற ஜப்பானியர் தைத்துக் கொடுத்த உடைகளில், மேடையிலேயே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் மேல் உடை கழன்று உள்ளே வேறோர் உடை தெரியும். கபுக்கி நாடகத்து வித்தை அது. ஒன்றரை வருஷ காலம் இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று இந்த வேஷத்தோடு சுற்றினார். வேஷம் எது, ஆள் எது என்று பார்ப்பவர்களுக்குக் குழம்பிற்று. தனக்கே குழம்பியது என்று பிற்காலத்தில் அவரும் சொன்னார்.

ஜூலை 3-ஆம் தேதி இரவு, கடைசிப் பாட்டுக்கு முன்னால், மைக்கின் முன் நின்று அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். இந்தச் சுற்றுப்பயணத்துக்கு மட்டுமல்ல, தாங்கள் செய்யப்போகிற நிகழ்ச்சிகளுக்கே இதுதான் கடைசி என்றார். சபையிலிருந்து ஓர் அலறல் கிளம்பிற்று. பென்னிபேக்கர் என்ற அமெரிக்கர் அன்று அதைப் படம் பிடித்திருக்கிறார். நான் இரண்டு தடவை பார்த்தேன். எனக்கு அந்த ராக் சங்கீதத்தில் பயிற்சி கிடையாது. ஆனால் அழுகிற முகம் எந்தச் சங்கீதத்துக்கு அழுதாலும் ஒன்றுதான். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

ரசிகர்களின் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. “எங்களை ஏமாற்றினான்” என்பது ஒரு கட்சி. இறந்தது ஸிக்கி என்ற வேஷம்தான். போவி அதே வருஷம் அக்டோபரிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக லண்டனில் மேடையேறினார், மறு வருஷம் அமெரிக்காவைச் சுற்றினார். அப்படியானால் “கடைசி” என்று சொன்னது பொய்தானே? “பொய்யில்லை, அதுதான் அந்த நாடகத்தின் கடைசிக் காட்சி, புகழின் உச்சியில் வைத்துக் கொன்றதால்தான் ஸிக்கி சாகாமல் இருக்கிறான்” என்பது எதிர்க்கட்சி.

இந்த வழக்கில் நான் போவியின் பக்கம். எழுதிப் பிழைக்கிறவன் வேறு எந்தப் பக்கம் இருப்பான்? கானன் டாயில் 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். எட்டு வருஷம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி அவனைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவர் இணங்கியது பலவீனமா, பெருந்தன்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. கற்பனையில் பிறந்தவனுக்குச் சிருஷ்டித்தவன்தான் எமன். டிக்கெட் வாங்கியவன் அன்றைய இரவை வாங்கியிருக்கிறானே தவிர நாளைய இரவை வாங்கவில்லை. அன்றைய இரவை அவன் முழுசாகப் பெற்றான்; எந்த இரவிலும் கிடைக்காத அளவுக்குப் பெற்றான். அழுகைகூட அவன் கொடுத்த காசுக்குக் கிடைத்ததுதான்.

சரி, ரசிகர்களுக்குக் கடன் இல்லை. அன்று மேடையில் வேறு யாருக்கும் கடன் இல்லையா?

போவிக்குப் பின்னால் முக்கியமான பக்கவாத்தியக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கிட்டார் மிக் ரான்ஸன்; பாஸ் கிட்டார் ட்ரெவர் போல்டர்; டிரம் மிக் வுட்மன்ஸி. மூவரும் வடக்கே யார்க்‌ஷயர் பக்கத்துப் பையன்கள். ஸிக்கி என்ற பாத்திரத்துக்கு ஒரு குழு உண்டு என்பது கதை; அந்தக் குழுவின் வேஷத்தை இந்த மூவரும் கட்டினார்கள். பளபளக்கிற உடை போட்டுக்கொள்ள முதலில் கூச்சப்பட்டு, பிறகு பழகிக்கொண்டார்கள். இவர்களில் ரான்ஸனுக்கு மட்டும் அந்த அறிவிப்பு முன்கூட்டியே தெரியும். ஒரு பத்திரிகைக்காரருக்குக்கூட முன்பே சொல்லியிருந்தார்கள் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். போல்டருக்கும் வுட்மன்ஸிக்கும் தெரியாது. தங்கள் வேலை போயிற்று என்பதை, வேலை செய்துகொண்டிருக்கும்போதே, முதுகுக்குப் பின்னாலிருந்து, மூவாயிரத்துச் சொச்சம் பேரோடு சேர்ந்து அவர்கள் கேட்டார்கள். இருவருக்கும் அப்போது வயது 23.

ஆங்கிலத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். நம் மொழியில் அப்படித் தப்ப முடியாது. “நாங்கள் நடத்தும் கடைசிக் கச்சேரி” என்று தமிழில் ஒருவன் சொன்னால், அந்த ‘நாங்க’ளில் தாளம் போடுகிறவனும் உண்டா, அவனைக் கேட்டாயா என்ற கேள்வி உடனே எழுந்துவிடும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மைக் கார்ஸன் என்ற பியானோக்காரர் புதிதாகச் சேர்ந்தார். பேச்சுவாக்கில் அவருடைய சம்பளம் தெரியவந்தபோது, ஆரம்பத்திலிருந்து கூட இருந்த இவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குக் கிடைத்தது பன்மடங்கு. இவர்கள் போய்க் கூலி உயர்த்திக் கேட்டார்கள். கேட்டதற்கும் ஹாமர்ஸ்மித் அறிவிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்: அதே ஜூலையில் பிரான்ஸில் அடுத்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு ஆரம்பமாயிற்று, டிரம்முக்கு வேறோர் ஆள் உட்கார்ந்தார். போல்டர் இன்னும் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு அவரும் இல்லை.

மறு வருஷமும் ஒரு சம்பவம். 1974 ஜூலையில் பிலடெல்பியாவில் புதிய குழுவினர் மேடையில் கூடுதலாக மைக்குகள் வைத்திருப்பதைக் கவனித்தார்கள். இசைத்தட்டு போடப் பதிவு செய்கிறார்கள், நமக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டு, கூலி பேசி முடிக்காமல் மேடையேற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பேசி முடித்த பிறகுதான் கச்சேரி நடந்தது. ஹல் நகரத்துப் பையன்களுக்கு வராத சாமர்த்தியம் இவர்களுக்கு இருந்தது.

போவிக்காக வாதாட இடம் இல்லாமல் இல்லை. அவருக்கு அப்போது வயது 26. பணமெல்லாம் டீஃப்ரீஸ் என்ற மானேஜரின் கையில் இருந்தது. அந்த ஒப்பந்தத்திலிருந்து 1975-இல் அவர் வெளியே வந்தபோது, தன் வருமானத்தில் பங்கு கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர முடிந்தது. பிற்காலத்தில் அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டதற்கும் சாட்சி உண்டு. 1985-இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக உலகமே பார்த்த அந்த வெம்ப்ளிக் கச்சேரியில், தனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் பஞ்சத்தைக் காட்டும் படத்தை ஓட்டச் சொன்னார். பாடகன் ஒரு பாட்டை விடுவது லேசான காரியமல்ல.

நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. என்னை உறுத்துவது வேறு. 1976-இல் அவர் வேறு வேஷத்தில் இருந்தார். ஒடிசலான வெள்ளைப் பிரபு என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் பத்திரிகைப் பேட்டிகளில் ஹிட்லரையும் பாசிஸத்தையும் பற்றி மெச்சுகிற மாதிரி சில வார்த்தைகள் பேசினார். பிறகு வருந்தினார், போதைமருந்தால் புத்தி கெட்டிருந்தது, அந்தப் பாத்திரத்துக்குள் மூழ்கியிருந்தேன் என்றார். ரசிகர்களும் அதைப் பற்றிக்கொண்டு, “பேசியது போவி அல்ல, பிரபு” என்பார்கள். ஹாமர்ஸ்மித்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்: “ஸிக்கி தன் குழுவைக் கலைத்தான், கதையே அப்படித்தானே?” ஆம், கதை அப்படித்தான். ஆனால் ஸிக்கியின் குழு கலைந்தால் வயிறு காயாது. வுட்மன்ஸியின் குழு கலைந்தால் காயும். கதைக்குள் நடந்த காரியத்துக்கு வேஷம் பொறுப்பு. கதைக்கு வெளியே சம்பளம் வாங்குகிறவனுக்கு நடந்த காரியத்துக்கு எந்த வேஷம் பொறுப்பேற்கும்? கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தால், தலை உடம்போடுதான் இருக்கிறது.

இதை இவ்வளவு காரமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு வாரப்பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஓர் இரவு, எழுதிக்கொண்டே போகையில், கதாநாயகியின் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று தோன்றியது. இன்னும் ஏழெட்டு வாரம் ஓட்டலாம், ஓட்டினால் பொய். ‘முற்றும்’ என்று போட்டுவிட்டு எழுந்தேன். அன்று எனக்கு ஏற்பட்ட கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வாசகர்கள் திட்டியும் அழுதும் கடிதம் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்தேன்.

அந்தக் கதைக்குப் படம் போட்டவர் ஒருவர் உண்டு. வாரம் இரண்டு படம். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்துக்கு வந்து, அடியில் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்த சமயம். பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, “முடிவு ரொம்ப நல்லா வந்திருந்தது சார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்” என்றார். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

சொல்லியிருந்தால் கதைக்கு என்ன குறைந்திருக்கும்? ஒரு எழுத்துக்கூட மாறியிருக்காது. ஹாமர்ஸ்மித்திலும் அப்படித்தான். மேடையேறும் முன் அந்த இருவரையும் தனியே கூப்பிட்டு, “இன்றோடு முடிக்கிறேன், அப்பா” என்று சொல்லியிருந்தால் சபையின் அலறல் ஒரு சுருதி இறங்கியிருக்குமா? அவர்கள் திகைத்ததும் காட்சியின் ஒரு பகுதி, சொல்லாமல் விட்டதுதான் கலை என்று ஒரு ரசிகர் எழுதியிருந்ததைப் படித்தேன். சொல்லாமல் விட்டது கலை அல்ல. சங்கடமான பேச்சைத் தள்ளிப்போடுகிற, எனக்கு நன்றாகப் பழக்கமான, சாதாரணக் கோழைத்தனம்.

அந்த இரவின் படம் 1983-இல் அரங்குகளுக்கு வந்தது. அன்று விருந்தாளியாக வந்து வாசித்த ஜெஃப் பெக் என்ற கிட்டார் மேதையின் பகுதி அதில் இல்லை. அவர் வேண்டாம் என்றதால் நீக்கியிருந்தார்கள். 2023-இல், ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, அதைச் சேர்த்து வெளியிட்டபோது ரசிகர்களுக்குப் பெரிய கொண்டாட்டம். விட்டுப்போன பத்து நிமிஷத்தை இப்படித் தேடிப் பிடிக்கிற இவர்கள், அறிவிப்பு வருகிற அந்த நிமிஷத்தில் டிரம்முக்குப் பின்னால் இருந்தவனைக் கொஞ்சம் பார்க்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை.

ரான்ஸன் 1993-இல் இறந்தார், போல்டர் 2013-இல். மிஞ்சியவர் வுட்மன்ஸிதான். அவர் 2014-இல், போவியின் இசைத்தட்டுகளைத் தயாரித்த டோனி விஸ்கோண்டியோடு சேர்ந்து ஒரு குழு அமைத்து, ஸிக்கிக்கு முன்னால், 1970-இல் தாங்கள் போவியோடு பதிவு செய்த பாட்டுகளை ஊர் ஊராக வாசிக்கத் தொடங்கினார். 2016 ஜனவரி 8-ஆம் தேதி, போவியின் 69-ஆவது பிறந்த நாளன்று, அந்தக் குழு நியூயார்க்கில் வாசித்துக்கொண்டிருந்தது. போவியும் அதே ஊரில்தான் வீட்டில் இருந்தார்; அவருக்குப் புற்றுநோய் என்பது வெளியே தெரியாது. கச்சேரியின் நடுவே விஸ்கோண்டி டெலிபோனில் அவரைக் கூப்பிட்டு, போனைச் சபையை நோக்கி உயர்த்திப் பிடித்தார். கூடியிருந்த ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குப் பிறந்த நாள் வாழ்த்துப் பாடினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார்.

அன்று அந்த மேடையில் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வுட்மன்ஸி.