தயைக்கு ஈடு கேட்கலாமா?

பகைவனை மன்னித்து விடுவித்தபின் அவன் மீண்டும் படைதிரட்டி வருவானாயின், மன்னித்தது பிழையாகுமா? பழமையான இவ்வினாவை இத்தாலிய இசைநாடகம் ஒன்று மிகக் கூர்மையாக எழுப்புகின்றது. வெர்டி இசையமைத்த 'ஐடா' என்பது அதன் பெயர். 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் அது முதன்முதலாக அரங்கேறியது. பாரிஸ் மாநகரம் போர் முற்றுகையில் அகப்பட்டமையால், அங்கே உருவான காட்சியமைப்புகளும் உடைகளும் வந்து சேராமல், அரங்கேற்றம் பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. போரைப் பற்றிய நாடகத்தைப் போரே தாமதப்படுத்தியது!

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் நடிக்கப்பெற்று 1989இல் படமாக்கப்பட்ட ஐடாவைத் தொலைக்காட்சிப் பெட்டியில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஐடாவாக ஏப்ரில் மில்லோவும், ராதமேஸாகப் பிளாசிடோ டொமிங்கோவும் பாடினர். இத்தாலிய மொழி எனக்குத் தெரியாது. திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளே துணை.

ஐடா எத்தியோப்பிய மன்னன் அமொனாஸ்ரோவின் மகள். எகிப்தில் அரசகுமாரி அம்னேரிஸுக்கு அடிமையாக இருக்கிறாள். எகிப்தியத் தளபதி ராதமேஸும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அம்னேரிஸும் அவனையே விரும்புகிறாள். ராதமேஸ் எத்தியோப்பியரை வென்று திரும்புகிறான். நீண்ட எக்காளங்கள் முழங்க வெற்றிப் பேரணி வருகிறது. அதன் இறுதியில் சிறைப்பட்டோர் வருகின்றனர். அவர்களிடையே, தான் யாரென்பதை மறைத்துக்கொண்டு, அமொனாஸ்ரோவும் நிற்கிறான்.

சிறைப்பட்டோர் உயிர்ப்பிச்சை கேட்கின்றனர். மக்கள் அவர்களுக்காக இரங்குகின்றனர். தலைமைப் பூசாரி ராம்ஃபிஸும் அவரைச் சார்ந்தோரும் கொல்லச் சொல்கின்றனர். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் பாடப்படுகின்றன. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு இது ஒரு பெரும் ஒலிவெள்ளமாகவே படக்கூடும். படமோ முகங்களை அருகில் கொணர்கிறது; வேண்டுமாயின் நிறுத்தி மீண்டும் காணலாம். அவ்வாறு கண்டபோதுதான், ராம்ஃபிஸ் கூறுவது வெறும் கொடுமையன்று, ஒரு கணக்கு என்பது விளங்கிற்று. மன்னித்தால் இவர்கள் துணிவு பெற்று மறுபடியும் ஆயுதம் ஏந்துவர் என்கிறார் அவர்.

ராதமேஸ் தனக்குரிய பரிசாக அவர்களின் விடுதலையைக் கேட்கிறான். மன்னன் இணங்குகிறான். எனினும் ராம்ஃபிஸின் சொற்படி, அமைதிக்கு ஈடாக ஐடாவின் தந்தை மட்டும் மகளுடன் நிறுத்திவைக்கப்படுகிறான்.

அடுத்த அங்கத்திலேயே எத்தியோப்பியர் மீண்டும் கிளர்ந்தெழுந்த செய்தி வருகிறது. ஆக, பூசாரியின் கணக்கு சரியாகிவிட்டது! தயை தோற்றதென்றே பலரும் கருதுவர்.

ஆயின், சற்றே பொறுத்து நோக்குவோம். எகிப்தியப் படை செல்லும் வழியை ராதமேஸின் வாயிலிருந்து வரவழைத்தவர் யார்? விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியவர்கள் அல்லர். ஈடாக நிறுத்தப்பட்ட தந்தையே, மகளின் காதலைக் கருவியாக்கி அதனைப் பெற்றான். பாதுகாப்புக்கென்று பிடித்துவைத்த கையே பாதுகாப்பைக் குலைத்தது. அவனையும் விடுவித்திருந்தால் போர் மூண்டிராது என்று நான் வாதிடவில்லை. அபயம் அளித்த பின்னரும் ஒருவனைப் பிடித்து வைத்தால், அளித்தவர் நெஞ்சில் அச்சமும் பெற்றவர் நெஞ்சில் பகையும் நீங்காமல் இருக்கும் என்பதே நான் கூற விழைவது.

இன்னுமொன்று. கணக்கிட்டே பழகிய நெஞ்சம் இறுதியில் என்னவாகிறது? ராதமேஸ் தன்னைத் தானே ஒப்படைத்துவிட்டான். விசாரணையில் ராம்ஃபிஸ் மும்முறை அழைத்துக் குற்றங்களை அடுக்குகிறார், அவன் வாய்திறக்கவில்லை. தம் நாட்டைக் காத்த அத்தளபதியை உயிரோடு நிலவறையில் அடைக்கத் தீர்ப்பாகிறது. பகைவரிடம் இரங்க மறுத்தவருக்குத் தம்மவரிடத்தும் இரங்க இயலவில்லை. மாறாக, ஐடாவைப் பொய்யுரைத்து வதைத்த அம்னேரிஸ், அப்பூசாரிகளின் கொடுமையைப் பழித்து அழுகிறாள்.

இறுதிக் காட்சியில் மேடை இரு தளமாகிறது. மேலே ஆலயம், கீழே நிலவறை. அங்கே முன்னரே வந்து மறைந்திருந்த ஐடா, ராதமேஸுடன் உயிர்துறக்கிறாள். மேலே அம்னேரிஸ் அமைதி வேண்டி மன்றாடுகிறாள். அத்துணை எக்காளங்கள் முழங்கிய நாடகம் மிக மெல்லிய ஒலியில் முடிகிறது.

நாம் அரசர்களும் அல்லோம், தளபதிகளும் அல்லோம். ஆயினும் நம் குடும்பங்களில் பங்காளிப் பூசல், வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் என எத்தனையோ உண்டு. 'மன்னித்தேன்' என்று சொல்லிவிட்டுப் பழைய கடிதத்தைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்துகிறோம். அதுவும் ஓர் ஈடுதான். மன்னிக்கப்பட்டவர் நாளை என்ன செய்வார் என்பது நம் கையில் இல்லை. நாம் முழுமையாக மன்னித்தோமா என்பதே நம் கையில் உள்ளது. பெட்டியின் அடியில் இருப்பதை ஒருமுறை எடுத்துப் பார்த்து, அது இன்னும் தேவைதானா என்று சிந்திப்போமாக.