கூலியில்லாத தொண்டு யாருக்குச் சாத்தியம்?

பால்புதுமையினர் உரிமைக்காக ஆய்வு செய்கிற, வழக்கு நடத்துகிற அமைப்புகள் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அழைக்கின்றன. பேட்டி எடுக்கணும், பதிவைக் கேட்டு எழுதணும், தீர்ப்புகளைத் தேடித் தொகுக்கணும். பெரும்பாலும் டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னையில்தான் இடம். இந்த அழைப்புகள் பலவற்றின் கடைசி வரி இப்படி இருக்கும்: உதவித்தொகை கிடையாது, சான்றிதழ் தரப்படும்.

பார்க்கச் சின்ன வரிதான். ஆனால் நியாயத்துக்காக உழைக்க வருகிறவர்களிடம் கூலியில்லாமல் உழைக்கச் சொல்வது நியாயமா என்கிற கேள்வி இந்த வரிக்குள் இருக்கிறது. நாம் இதைக் கேட்டே ஆகணும்.

சேரியிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போன ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கோடை விடுமுறை அதற்கு ஓய்வுக்காலம் இல்லை. சித்தாள் வேலை, செங்கல் சூளை, துணிக்கடை என்று ஏதாவது ஒன்றுக்குப் போய் அடுத்த வருஷத்துக்குக் காசு சேர்க்கிற காலம். இரண்டு மாதம் சென்னையில் தங்கணும் என்றால் வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் கையிலிருந்து போகும். வரவேண்டிய கூலியும் போகும். வழக்கறிஞர் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளோ, மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்கின்றன. கூலி பற்றிய கட்டாயம் எதுவும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் ஆலைக்குள் போகிற பையனுக்கு உதவித்தொகை கொடுத்தாகணும். உரிமை பேசுகிற அலுவலகத்துக்குள் வருகிற மாணவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"இது தொண்டு, இதற்கு விலை பேசலாமா?" என்று கேட்பார்கள். கூலியில்லாத உழைப்பை நம்ம ஜனங்களுக்குத் தெரியாதா? சாவுச் சேதி சொல்லப் போவது, செத்த மாட்டைத் தூக்குவது, பறையடிப்பது என்று ஊருக்குச் செய்ததெல்லாம் கூலியில்லாத, இல்லையென்றால் கூலியென்று சொல்லமுடியாத உழைப்புதானே. அதற்கு யாரும் தொண்டு என்று பேர் வைக்கவில்லை. வெட்டி என்றார்கள், ஊழியம் என்றார்கள். அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இப்படிப்பட்ட கட்டாய ஊழியத்தைத்தான் தடை செய்தது.

இன்டர்ன்ஷிப்பும் வெட்டியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே யாரும் தடியெடுத்து நிற்கவில்லை. போன பிள்ளை நாலு விஷயம் கற்றுக்கொண்டுதான் திரும்புகிறது. ஆனால் முடியாது என்று சொல்ல வழியுள்ளவன் கொடுப்பதுதான் கொடை. அப்பா வாடகை கட்டுகிற பிள்ளைக்கு அந்த இரண்டு மாதம் முதலீடு. சூளைக் கூலியை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு அது கடன். வேலை ஒன்றுதான், மேசைகூட ஒன்றுதான். ஒருத்தருக்குத் தியாகப் பட்டம் கிடைக்கிறது, இன்னொருத்தர் வாசலோடு திரும்பிப் போகிறார்.

திரும்பிப் போகிறவரோடு என்னவெல்லாம் போகிறது? சமூக அறிவியலில் சிலர் கோட்பாடு செய்கிறார்கள், மற்றவர்கள் தகவல் தருகிறவர்களாகவே நிறுத்தப்படுகிறார்கள் என்று கோபால் குரு 2002-இல் எழுதினார். பால்புதுமையினர் ஆய்விலும் அந்தக் கோடு விழுகிறது. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு நோட்டும் கேமராவுமாக வருகிறவர்கள் ஒரு வகுப்பு. அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்கிற ஏழைத் திருநங்கைகள் இன்னொரு வகுப்பு. அறிக்கையை ஒருத்தர் எழுதுகிறார், அதில் இன்னொருத்தருடைய வாழ்க்கை பிற்சேர்க்கையாகிறது. திருநங்கைகளின் வாழ்க்கையைத் திருநங்கையான ரேவதியே கேட்டுத் தொகுத்த 'உணர்வும் உருவமும்' இந்தக் கோட்டை அழித்துக் காட்டிய புத்தகம். அம்பேத்கரும் 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் வெறும் சாட்சியாகப் போய் நிற்கவில்லை. தீண்டாமையை அனுபவித்தவரும் கணக்குப் போட்டு வாதாடிய பேராசிரியரும் அங்கே ஒரே ஆள்தான்.

யார் எழுதுகிறார் என்பதால் எழுதப்படுவதும் மாறும். 2014-இல் நால்சா தீர்ப்பு திருநரைக் கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கிய வகுப்பாகக் கருதச் சொன்னது. தமிழக அரசு 2015-இல் அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சரி, பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை எந்தப் பட்டியலில் நிற்பது? ஒன்று சாதியைச் சொல்லணும், இல்லையென்றால் பாலினத்தைச் சொல்லணும். சாதி தெரியாத கண்ணுக்கு இது சிக்கலாகவே படாது. ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம் வேண்டும் என்கிற கிடைமட்ட இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையைக் கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைகள் விடாமல் பேசினார்கள். 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சதவீதம் அப்படித் தரச்சொல்லி உத்தரவிட்டது. இரண்டு ஒடுக்குமுறையையும் ஒரே உடம்பில் சுமந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம்ம வீட்டையும் பார்க்கணும். தன்பால் ஈர்ப்பை மேட்டுக்குடிக்காரன் நோய் என்று சொல்கிற தோழர்கள் நம்மிடம் உண்டு. 'ஒம்போது' என்று சொல்லிச் சிரிக்கிற மேடைகள் உண்டு. அங்கே சாதியை மறைத்து, இங்கே ஆசையை மறைத்து எத்தனை நாளைக்கு ஒரு பிள்ளை நடமாடும்? கொண்டுவருகிற சான்றிதழே அதைக் காட்டிக்கொடுத்துவிடலாம். அமைப்பின் பேரை ஊரில் ஒருத்தர் படித்தால் போதும், கல்யாணப் பேச்சிலிருந்து உயிர்வரை ஆபத்து.

காசில்லை என்று அமைப்புகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. சின்ன அமைப்புகள் மூச்சுத் திணறுகின்றன. அப்படியென்றால் கூலியில்லாமல் பத்துப் பேரை எடுக்காதீர்கள், கூலி கொடுத்து இரண்டு பேரை எடுங்கள். சொந்த ஊரிலிருந்தே செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள். பேட்டி கொடுக்கிற திருநங்கைக்கு அன்றைய வருமானம் போகிறது, அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். அறிக்கையைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று அவர் சொல்வதை எடுத்துவிடுங்கள். சான்றிதழில் என்ன எழுதலாம் என்று மாணவரைக் கேட்டு எழுதுங்கள். நம்ம இயக்கங்களும் இந்தப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் பஸ் காசும் தேடிக் கொடுக்கணும். நம்ம விடுதிகளில் அவர்கள் பயமில்லாமல் தூங்கணும்.

ஆசைப்பட்டவரோடு வாழ்கிற உரிமையைக் கேட்கிறோம். அதைக் கேட்கிற வேலையில் சேரவே அப்பாவின் சொத்து வேண்டும் என்றால், நாம் கேட்பது உரிமையாக இருக்காது, வசதியுள்ளவனின் சலுகையாகத்தான் இருக்கும்.